எழும்போதா, வழியிலா, சாப்பாட்டிலா, படுக்கையிலா? சிறு பிள்ளைகளோடு ஜெபிக்க எந்த வேளை

பினாங்கில் மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை பிள்ளை வைத்திருக்கும் கிறிஸ்தவப் பெற்றோரிடம் பேசினால், "வீட்ல ஜெபம் பண்ணணுமா?" என்று யாரும் கேட்பதில்லை. "எப்போங்க பண்றது?" என்றுதான் கேட்கிறார்கள். அப்பாவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட். அம்மா பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வேலைக்குப் போகிறார். பிள்ளை ஆறேகாலுக்குப் பள்ளி வேனில் ஏறி, மதியம் பேபி சிட்டர் வீட்டில் இருந்துவிட்டு, ஏழு மணிக்குத்தான் தன் வீட்டுக் கதவைப் பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் "குடும்ப ஜெபத்தை விடாதீர்கள்" என்கிறார்கள். எந்த அரை மணி நேரத்தில் என்று யாரும் சொல்வதில்லை.

வேதாகமத்தில் உபாகமம் 6:7 (திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பை வைத்திருப்பவர்களுக்கு இணைச்சட்டம்) பிள்ளைகளோடு தேவ வார்த்தையைப் பேசுவதற்கு நான்கு வேளைகளை எண்ணிக் கொடுக்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கையில், வழியில் போகையில், படுக்கையில், எழும்புகையில். நான்கும் இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றன. ஆனால் வசனம் நான்கைச் சொல்கிறதே என்று திங்கட்கிழமையே நான்கையும் தொடங்கும் வீடுகள், அடுத்த திங்கள் வருவதற்குள் நான்கையும் விட்டுவிடுகின்றன. ஒன்றைப் பிடித்து ஊன்றிவிட்டால் மற்றவை தானாகக் கிளைக்கும். ஆகவே எந்த ஒன்று என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

ஒரு வேளையை அதன் நல்ல நாளில் அளக்கக் கூடாது. மழை கொட்டி, பாலத்தில் கார் மோதி, அப்பாவுக்கு ஓவர்டைம் விழுந்து, பிள்ளைக்குச் சளியும் பிடித்த புதன்கிழமையில் அது நிற்குமா என்று பார்க்க வேண்டும். புதன்கிழமை நிற்காத பழக்கம் வருடம் முழுக்க நிற்காது.

அடுத்தது பிள்ளையின் நிலை. பசி, தூக்கம், மூத்திரம் இந்த மூன்றும் எந்த ஜெபத்தையும் தோற்கடிக்கும். அவை இல்லாத நேரத்திலும் மூன்று வயதுக்கு மூன்று நிமிடம், ஐந்து வயதுக்கு ஐந்தாறு நிமிடம், எட்டு வயதுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கணக்குதான், ஆனால் பெரும்பாலும் பொய்க்காது.

மூன்றாவது, அந்த நேரத்தில் யார் இருப்பார்கள். எப்போதும் அம்மா மட்டுமே ஜெபம் சொல்லும் வீட்டில், ஜெபம் பெண்கள் பாடு என்று மகன் சீக்கிரமே முடிவுகட்டிவிடுகிறான். வாரத்தில் இரண்டு நாளாவது அப்பாவின் குரல் கேட்கும் வேளைக்கு மதிப்பு கூடுதல்.

நான்காவது, பிள்ளை கேள்வி கேட்க அங்கே இடம் இருக்கிறதா. பள்ளியில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வியும் உண்டு. நன்னெறிக் கல்வி நல்ல பாடம்தான், இயேசு யார் என்பதைச் சொல்லித்தருவது அதன் வேலை இல்லை. சபையின் ஓய்வுநாள் பள்ளியோ மறைக்கல்வி வகுப்போ வாரத்துக்கு ஒருமுறை. அங்கே ஆசிரியர் கேட்பார், பிள்ளைகள் பதில் சொல்வார்கள். பிள்ளை கேட்டு, பெரியவர் பதில் சொல்லும் இடம் வீடு ஒன்றுதான்.

கடைசியாக மொழி. தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இது பெரிய தலைவலி இல்லை. தேசியப் பள்ளிக்கோ சீனப் பள்ளிக்கோ போகும் பிள்ளைக்கு வீட்டில் பாதி ஆங்கிலம், பாதி மலாய், பாட்டியோடு மட்டும் தமிழ். எந்த மொழியில் ஜெபிப்பது என்று தயங்குகிறவர்களுக்கு எளிய விதி ஒன்று உண்டு: எந்த மொழியில் பிள்ளையைத் திட்டுகிறீர்களோ, அந்த மொழியில் ஜெபியுங்கள். மனசிலிருந்து வருவது அதுதான்.

| | காலை, வாசலில் | வழியில், காரில் | இரவுச் சாப்பாட்டில் | படுக்கையில் |
|---|---|---|---|---|
| எடுக்கும் நேரம் | 1 நிமிடம் | 5 முதல் 15 நிமிடம் | 10 முதல் 12 நிமிடம் | 6 முதல் 8 நிமிடம் |
| மோசமான நாளில் | நிற்கும், சுருக்கமாக | பள்ளி நாளில் நிற்கும், விடுமுறையில் நிற்காது | முதலில் விழுவது இதுதான் | பெரும்பாலும் நிற்கும் |
| பிள்ளையின் நிலை | தூக்கக் கலக்கம் | காலையில் தெளிவு, மாலையில் களைப்பு | பசி தீர்ந்ததும் நல்ல நிலை | அமைதி, பயமும் உண்டு |
| யார் இருப்பார்கள் | அனுப்பி வைப்பவர் | ஓட்டுபவர் | எல்லோரும், இருந்தால் | ஒருவர், பெரும்பாலும் அம்மா |
| கேள்விக்கு இடம் | இல்லை | நிறைய | ஓரளவு | நிறைய |
| மறைவான விலை | அவசரத்தின் கோபம் ஜெபத்தில் ஒட்டும் | பாட்டு ஓடும், பெற்றோர் குரல் மறையும் | பெரியவர்களின் நீள ஜெபம் | பெற்றோருக்குத் தூக்கம் முந்தும் |

## காலையில், எழும்போது

தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 அன்று அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதன் பலனைப் பினாங்குப் பிள்ளைகள் இன்றும் அனுபவிக்கிறார்கள்: சூரியன் எட்டிப் பார்க்க ஏழு, ஏழேகால் ஆகிறது, ஏழரை வாக்கில் பள்ளி மணி அடித்துவிடுகிறது. எழும்புவது கும்மிருட்டில். அந்த இருட்டில் கட்டிலிலிருந்து இறக்கி உட்கார வைத்து வசனம் சொல்லச் சொன்னால், ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் இன்னும் இரண்டு நிமிடம் தூங்கலாம் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

பள்ளிப் பிள்ளைக்குக் காலையில் ஓடுவது ஒரு நிமிடம். அதைக் காலணி அலமாரி பக்கத்தில் வையுங்கள். காலணி போட்ட பிறகுதான், முன்னால் வேண்டாம், முன்னால் வைத்தால் "இன்னொரு காலுறை எங்கே?" என்ற தேடல் நடுவில் வந்து கெடுக்கும். பை தோளில் ஏறியதும் தலையில் கை வைத்து எண்ணாகமம் 6:24–26-இன் ஆசீர்வாதம். மூன்று வசனம், இருபது வினாடி. கத்தோலிக்க வீடுகளில் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு ஒரு வரி. தினமும் அதே சொற்களாக இருக்கட்டும். இரண்டு மாதத்தில், நீங்கள் மறந்தாலும் பிள்ளை தலையைக் குனிந்து நிற்கும்.

இதன் விலை உங்கள் குரலில் இருக்கிறது. ஐந்து நிமிடமாகக் கத்திய குரலிலேயே ஆசீர்வாதத்தையும் சொன்னால், பிள்ளையின் காதில் அது திட்டின் கடைசி வாக்கியமாகத்தான் விழும். பையை முந்தின இரவே கட்டி வைப்பது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

காலையே முக்கிய வேளையாக அமையும் வீடுகளும் உண்டு. எட்டரைக்குப் பாலர் பள்ளிக்கோ தாஸ்காவுக்கோ (குழந்தைகள் காப்பகம்) போகும் பிள்ளை, இரவு ஷிப்ட் முடிந்து ஏழேமுக்காலுக்கு வீடு வரும் அப்பா, சாய்வு நாற்காலியில் ஏற்கெனவே வேதம் வாசித்துக்கொண்டிருக்கும் தாத்தா, இந்த மூவரும் ஒரே வீட்டில் இருந்தால் காலை எட்டு மணிக்கு ஈடான நேரம் வேறில்லை.

## வழியில்

1985-இல் திறந்த பினாங்குப் பாலம் 13.5 கி.மீ. நீளம். 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கி.மீ. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால் முதலாவதைத் தாண்டப் பத்து நிமிடம், இரண்டாவதைத் தாண்டப் பதினெட்டு நிமிடம். ஒரு வேதாகமக் கதைக்கு அளந்து வெட்டிய நீளம். நெரிசல் பிடித்தால் கதை தீர்ந்து, கேள்வியும் தீர்ந்து, அண்ணன் தங்கை சண்டையும் ஒரு சுற்று முடிந்திருக்கும்.

குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் இங்கே கட்டாயம். அதனால் பிள்ளை பின் இருக்கையில் வாரோடு இருக்கிறது, எழுந்து ஓட முடியாது. நீங்களும் சமையலறைக்குப் போக முடியாது, கைப்பேசியையும் தொடக் கூடாது. ஒரு நாளில் இருவருமே வேறெங்கும் போக முடியாத நேரம் இது ஒன்றுதான்.

ஓட்டிக்கொண்டே படிக்க முடியாது என்பதால் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த கதைகள் வேண்டும். பத்து போதும், ஒவ்வொன்றும் நான்கு நிமிடத்துக்குள். படகில் இயேசு தூங்கியதும் புயல் அடங்கியதும் (மாற்கு 4:35–41) இரண்டு பக்கமும் கடல் தெரியும் பாலத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். சகேயு மரத்தில் ஏறியது (லூக்கா 19:1–10), காணாமல் போன ஆடு (லூக்கா 15:3–7), ஐந்து அப்பமும் இரண்டு மீனும் (யோவான் 6:1–14) இவையெல்லாம் பொருள் கையில் இல்லாமலே கண்முன் நிற்கும் கதைகள். ஒரு கதையை ஒரு வாரம் முழுக்கச் சொல்லுங்கள். புதன்கிழமை வேண்டுமென்றே "மூணு மீன்" என்று சொல்லிப் பாருங்கள். பின் இருக்கையிலிருந்து "ரெண்டு!" என்று கத்தல் வந்தால் கதை இறங்கிவிட்டது.

வழியில் கண்ணில் படுவதெல்லாம் சரக்கு. ஆம்புலன்ஸ் போனால் அதில் இருப்பவருக்காக ஒரு வரி. வானவில் தெரிந்தால் ஆதியாகமம் 9. ஓட்டுபவர் கண்ணை மூட முடியாதே, கண் திறந்தபடியும் ஜெபிக்கலாம் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும் இடம் இதுதான்.

வழியின் பெரிய லாபம் வேறொன்று. முகத்துக்கு முகம் இல்லாததால் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் காரில் பேசும் அளவு மேசையில் பேசுவதில்லை. "செத்துப்போன ஆச்சி இப்ப எங்க இருக்காங்க?" என்பது பெரும்பாலும் சிவப்பு விளக்கில் வரும் கேள்வி. உடனே பிரசங்கம் தொடங்க வேண்டாம். "நீ என்ன நினைக்கிற?" என்று முதலில் கேளுங்கள். பிறகு ஒரே வாக்கியத்தில் பதில். மீதம் இருந்தால் "ராத்திரி சொல்றேன்" என்று சொல்லி, வண்டியை நிறுத்தியதும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை "ராத்திரி" வராமல் போனால், மூன்றாம் முறை கேள்வியே வராது.

இனி விலை. பிள்ளைகளின் கிறிஸ்தவப் பாட்டுப் பட்டியல் ஒன்றை ஓடவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பது இந்த வேளையின் முதல் ஆபத்து. பாட்டு நல்லதுதான், ஆனால் வாயைத் திறக்காத அம்மாவின் விசுவாசம் எப்படி இருக்கும் என்று பிள்ளைக்குத் தெரியாமலே போகும். ஒரு பாட்டை ஓடவிட்டால் அடுத்ததை அணைத்துவிட்டு நீங்களே பாடுங்கள், சுருதி சேராவிட்டால் பரவாயில்லை. படப் புத்தகம் கையில் கொடுக்காதீர்கள், குனிந்து பார்த்தால் வாந்தி வரும். மாலைப் பயணத்தை நம்பாதீர்கள், ஆறரைக்குப் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும். பள்ளி விடுமுறை வந்தால் இந்த வேளை வாரக்கணக்கில் காணாமல் போகும்.

கார் இல்லாதவர்களுக்கும், வேனில் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கும் இந்த வேளை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் கதை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தலைக்கவசம் மாட்டிவிடும்போது ஒரு வரி, அவ்வளவுதான்.

## சாப்பாட்டு வேளையில்

நம் பாட்டிமார் "குடும்ப ஜெபம்" என்று சொல்வது இதைத்தான். பாய் விரித்து, கீர்த்தனை ஒன்று பாடி, சங்கீதம் வாசித்து, ஒவ்வொருவராக ஜெபித்து, கர்த்தருடைய ஜெபத்தில் முடியும். அரை மணி ஆகும். கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை: ஐந்து பத்து மணிகளும் சொல்ல இருபது நிமிடத்தை நெருங்கும். மற்ற மூன்று வேளைகளில் கிடைக்காத ஒன்று இதில் உண்டு: பெரியவர்கள் தங்களுக்காக ஜெபிப்பதைப் பிள்ளை கேட்கிறது. வாடகைக்காக, தாத்தாவின் சர்க்கரை அளவுக்காக, வேலையிடத்துச் சண்டைக்காக. ஜெபம் சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டு இல்லை, அப்பாவுக்கே அது தேவைப்படுகிறது என்று அப்போதுதான் தெரிகிறது. தமிழும் இங்கேதான் முழுசாகக் காதில் விழும்.

ஆனால் அரை மணியை நான்கு வயது தாங்காது. இப்படி மாற்றலாம்:

1. சாப்பிடுமுன் ஒரே வரி நன்றி. சோறு ஆறும்வரை நீட்டினால் பிள்ளைக்கு ஜெபத்தின் மீது கோபம் வரும், நியாயமான கோபம்.
2. பிள்ளை முக்கால் தட்டு முடித்ததும் ஜெபத்தைத் தொடங்குங்கள். தட்டுக் கழுவ எழுந்துவிட்டால் யாரும் திரும்பி வரமாட்டார்கள்.
3. நான்கு வயது பாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும், ஆறு வயது வேதாகமத்தை எடுத்து வரட்டும், எட்டு வயது இரண்டு வசனம் வாசிக்கட்டும். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் பிள்ளைக்கு ஏறாது. முதலில் வீட்டுப் பேச்சில் சம்பவத்தைச் சொல்லிவிட்டு, பிறகு அந்த ஒன்றிரண்டு வசனங்களை மட்டும் வாசித்தால் போதும்.
4. பெரியவர்கள் ஆளுக்கு ஒரு வாக்கியம். ஜெபமாலையானால் ஒரு பத்து மணி, மூன்று நிமிடம்.
5. பிள்ளைகளை எழவிட்டுவிட்டுப் பாட்டி தன் நீண்ட ஜெபத்தைத் தொடரலாம். இதைப் பாட்டியிடம் முன்பே, மரியாதையோடு, பிள்ளைகள் இல்லாதபோது பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் நடக்கும் பெரிய தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "ஆண்டவரே, இவன் தங்கச்சிய அடிக்காம இருக்கணும், பொய் சொல்லாம இருக்கணும்" என்று எல்லோர் முன்னிலையிலும் வேண்டுவது, கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது. பிள்ளைக்கு அது நன்றாகவே புரிகிறது.

இந்த வேளைக்கு எதிரிகள் அதிகம். வீட்டுப்பாடம், டியூஷன், எட்டு மணித் தொடர் நாடகம் (பாட்டியே இங்கே இரண்டு கட்சியிலும் இருப்பார்), இரவுச் சந்தை போடும் நாள், பொட்டலம் கட்டி வந்து ஆளுக்கு ஒரு மூலையில் சாப்பிடும் நாள். எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஏழுக்கு வேலை முடிந்து பேருந்து பிடித்து அப்பா வீடு வரும்போது பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

ஷிப்ட் வீடுகள் செய்யும் பிழை, "சனிக்கிழமை குடும்ப ஜெபம்" என்று கிழமையோடு கட்டுவது. அப்பாவின் ஓய்வுநாள் சுழலும்போது ஜெபம் அறுந்துபோகும். ஓய்வுநாளோடு கட்டுங்கள். மாத அட்டவணை வந்ததும் குளிர்பெட்டியில் ஒட்டிய நாட்காட்டியில் அப்பா வீட்டில் இருக்கும் இரவுகளில் பிள்ளையே ஒரு மீன் வரையட்டும். படிக்கத் தெரியாத மூன்று வயதும் மீனை எண்ணும்.

வெளியே சாப்பிடும்போது? மாமாக் (தமிழ் முஸ்லிம்) உணவுக் கடையானாலும் ஒரு வரி போதும், பேசும் குரலிலேயே. பக்கத்து மேசைக்காக ஒளிக்கவும் வேண்டாம், அவர்களுக்குக் கேட்கட்டும் என்று உயர்த்தவும் வேண்டாம். நம்மில் பலருக்கு இந்து உறவினர்கள் இருக்கிறார்கள். "பெரியம்மா வீட்ல ஏன் வேற மாதிரி சாமி கும்புடுறாங்க?" என்ற கேள்வி தீபாவளிப் பலகாரம் வந்த இரவில் மேசைக்கு வரும். "நாம இயேசுகிட்ட ஜெபிக்கிறோம், பெரியம்மா அவங்க வழியில கும்பிடுறாங்க, நமக்கு பெரியம்மாவ ரொம்ப பிடிக்கும்" என்பது ஐந்து வயதுக்கு முழுப் பதில். இதற்கு மேல் அந்த வயது கேட்கவில்லை.

## படுக்கையில்

ஒரே வேளைதான் முடியும், எது என்று கேட்டால், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டுக்குப் படுக்கை நேரம் என்பதே எங்கள் தேர்வு. காரணம் பக்தி சம்பந்தப்பட்டது இல்லை. சாப்பாட்டை வெளியே வாங்கலாம், பள்ளிக்கு வேனில் அனுப்பலாம். தூங்குவதை மட்டும் பிள்ளை எப்படியும் தினமும் செய்தே ஆக வேண்டும். புதன்கிழமையும்.

ஆறு முதல் எட்டு நிமிடத்துக்கு ஒரு வரிசை. பல் துலக்கி, கழிவறை போய், தண்ணீர் குடித்து, பெரிய விளக்கை அணைத்த பிறகு தொடங்குங்கள். இல்லாவிட்டால் ஜெபத்தின் நடுவில் இவை மூன்றும் ஒவ்வொன்றாக வரும். முதல் நிமிடம்: "இன்னிக்கு எது பிடிச்சது, எது பிடிக்கல?" அடுத்த மூன்று நிமிடம் கதை. பிறகு வசனம், வாரத்துக்கு ஒன்று. நான்கு வயதுக்கு நான்கு சொல்லைத் தாண்ட வேண்டாம். 1 யோவான் 4:8-இன் கடைசிப் பகுதியும் ("தேவன் அன்பாகவே இருக்கிறார்"), ஏசாயா 41:10-இன் முதல் பகுதியும் ("நீ பயப்படாதே") தொடங்க ஏற்றவை. இரண்டு மொழியிலும் வேண்டும் என்றால் ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றது. பிறகு ஜெபம்: பிள்ளை பிடித்ததைச் சொன்னதே நன்றி, பிடிக்காததைச் சொன்னதே வேண்டுதல். தனியாக வார்த்தை தேடத் தேவையில்லை. கடைசியில் தலையில் கை, ஆமென்.

எந்தக் கதை என்பது இங்கே மற்ற வேளைகளைவிட முக்கியம், ஏனென்றால் கதை முடிந்ததும் பிள்ளை இருட்டில் தனியாக அதோடு படுத்திருக்கப் போகிறது. கோலியாத்தின் கதை (1 சாமுவேல் 17) 51-ஆம் வசனத்தில் தலையை வெட்டுகிறது. அதைப் பகலில் சொல்லுங்கள். தானியேல் சிங்கக் கெபியில் இருந்தது இரவுக்கு ஏற்ற கதைதான், ஆனால் 6:23-இல் நிறுத்துங்கள். அடுத்த வசனத்தில் குற்றம் சாட்டியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சிங்கங்களிடம் போகிறார்கள். எகிப்தின் தலைப்பிள்ளைகள் (யாத்திராகமம் 12), ஆபிரகாம் ஈசாக்கைக் கூட்டிப்போனது (ஆதியாகமம் 22) இரண்டும் எட்டு வயதுக்கு முன் இரவில் வேண்டாம். ஈசாக்கின் கதையைக் கேட்ட பிள்ளை அப்பாவின் முகத்தைத்தான் பார்க்கும். சிறுவன் சாமுவேல் இரவில் தன் பெயர் சொல்லி அழைப்பதைக் கேட்டது (1 சாமுவேல் 3) அழகான படுக்கைக் கதை. சில பிள்ளைகளுக்கு மட்டும் அன்றிரவு காற்றில் ஆடும் திரைச்சீலையும் அவர்களைக் கூப்பிடும். உங்கள் பிள்ளை எந்த வகை என்று உங்களுக்கே தெரியும். இயேசு பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்ததை (மாற்கு 10:13–16) எந்த இரவும் சொல்லலாம்.

பயத்தை ஜெபத்தால் போக்குகிறோம், சரி. பயத்தை ஜெபத்துக்குள் கொண்டுவருவதும் நாமேதான். "சாமி கண்ணைக் குத்தும்" என்ற பழைய மிரட்டல் கிறிஸ்தவ வீட்டில் "இயேசப்பா பாத்துக்கிட்டு இருக்காரு" என்று பெயர் மாற்றிக்கொண்டு வாழ்கிறது. பகலில் இதைச் சொல்லி மிரட்டிவிட்டு, இரவில் "இயேசப்பா உன் பக்கத்துலயே இருக்காரு, பயப்படாதே" என்றால் பிள்ளை எதை நம்பும்? அதேபோல் "இன்னிக்கு என்ன தப்பு செஞ்ச, சொல்லு" என்ற விசாரணை படுக்கையில் வேண்டாம். வேண்டுமானால் நீங்கள் முதலில் சொல்லுங்கள்: "அம்மா இன்னிக்கு உன்கிட்ட கத்திட்டேன், மன்னிச்சிரு." மன்னிப்பு என்பது என்ன என்று அதற்கு மேல் விளக்கத் தேவை இருக்காது. சில இரவுகளில் பிள்ளையிடமிருந்தும் ஒன்று வரும், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

விலை உண்டு. தூங்காமல் இருக்க ஜெபம் நல்ல சாக்கு என்று நான்கு வயதிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்: "இன்னும் ஒரு ஜெபம்மா, பூனைக்கு." பூனைக்கு ஒரு நாள் ஜெபிக்கலாம். ஆமென் சொன்னபின் புதிதாக எதுவும் இல்லை என்ற விதியை முதல் வாரமே போடுங்கள். இரண்டாவது விலை உங்கள் தூக்கம். காலை ஐந்துக்கு எழுந்த அம்மா கதையின் நடுவிலேயே தூங்கிப்போவது சகஜம். படுத்துச் சொல்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்வது ஒன்றே மருந்து. மூன்றாவது, இது அம்மாவின் வேலையாகவே முடிந்துவிடும். அப்பா பகல் ஷிப்டில் இருக்கும் இரவுகளில் அவர் முறை என்று வைத்தால், களைத்து வந்தவர் கதையை மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார். அளவு அதுதான், குறை சொல்லாதீர்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் வேலையிடத்து இடைவேளையிலிருந்து ஒரு குரல் செய்தி அனுப்பலாம்; காணொளி அழைப்பு வேண்டாம், திரையைப் பார்த்தால் தூக்கம் கலையும்.

மூன்று வயதும் எட்டு வயதும் ஒரே அறையில் படுத்தால் சிறியதற்கு முதலில், மூன்று நிமிடத்தில். பெரியது தனக்கு வயதாகிவிட்டது என்று காட்ட அதையும் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கும். அதுவும் அதற்குப் பாடம்தான்.

## எந்த வீட்டுக்கு எது

பாட்டி, தாத்தா கூடவே இருந்து, எட்டு மணிக்குள் எல்லோரும் வீடு சேர்ந்துவிடும் குடும்பம் சாப்பாட்டு வேளையை விட்டுக்கொடுக்கக் கூடாது. மற்ற மூன்றும் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது.

பெற்றோரில் ஒருவர் தினமும் பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விட்டால், அதிலும் பிள்ளை ஆறு வயதைத் தாண்டியிருந்தால், காலைப் பயணம். குறிப்பாக அது அப்பாவாக இருந்தால்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் அல்லது தந்தைக்கு இரவு ஒன்பது மணிக்கு எதுவும் மிச்சமிருக்காது. அவர்கள் படுக்கை வரிசையிலிருந்து கதையை எடுத்துவிட்டு, பிடித்தது, பிடிக்காதது, தலையில் கை, ஆமென் என்று இரண்டு நிமிடத்தில் முடிக்கலாம். கதையை ஓய்வுநாளில் சொல்லலாம்.

பக்கத்துக் கெடா மாநிலத்தில் கூலிம், சுங்கைப் பட்டாணி பக்கம் குடியிருந்து பினாங்கில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பள்ளி. சனிக்கிழமை மாலை வகுப்போ ஆராதனையோ உள்ள சபை அருகில் இல்லையென்றால், ஓய்வுநாள் பள்ளி பாதி வாரங்களில் தவறும். இந்த வீடுகளுக்கு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு முக்கியம்: மறுநாள் பள்ளி இல்லை, சற்று நீளலாம், பாடலாம். அடுக்குமாடியில் பத்து மணிக்கு மேல் கைத்தாளம் மட்டும் வேண்டாம்.

பெரிய வெள்ளி தீபகற்பத்தில் பொது விடுமுறை இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். பிள்ளை அன்று பள்ளிக்குப் போகும், வீட்டில் மட்டும் எல்லோரும் அமைதியாக இருப்பார்கள். ஏன் என்று காலையிலேயே வாசலில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

## மூன்றாம் வாரம்

எந்த வேளையைத் தேர்ந்தாலும் முதல் இரண்டு வாரம் ஓடிவிடும், மூன்றாவதில் தடுக்கும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம். பிள்ளைக்கு அது தண்டனை. வாரத்துக்கு ஐந்து நாள் என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால் இரண்டு நாள் தவறுவதும் கணக்குக்குள்ளேயே வரும். வாரத்துக்கு மூன்று நாளுக்குக் கீழே போய், அது ஒரு மாதம் நீடித்தால் வேளைதான் தவறு. இடத்தை மாற்றுங்கள்.

மாற்றுவதைப் பள்ளி விடுமுறையின் முதல் நாளில் செய்யுங்கள், தவணையின் நடுவில் வேண்டாம். பழைய வேளையின் ஒரு துண்டைப் புதியதற்குக் கூட்டிப்போங்கள்: காரில் பாடிய அதே பாட்டு, மேசையில் சொன்ன அதே வசனம். அப்பாவின் ஷிப்ட் அட்டவணை மாறும் மாதத்தில் மீன்களை அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். பென்சில் பிள்ளையின் கையில் இருக்கட்டும்.